கார்ஸ்கில் பங்காளி

ஹல்,
12 செப்டம்பர் 1964

மதிப்பிற்குரிய திரு. ஐ. கார்ஸ்கில் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹல் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்கிறேன். வடக்கு மாவட்டங்களின் டைரக்டரிகள் எல்லாம் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அழைப்பு ஓய்ந்த வேளையில் மற்றப் பெண்கள் பின்னல் ஊசியை எடுப்பார்கள். நான் டைரக்டரியை எடுத்து என் பெயரைத் தேடுவேன். எத்தனையோ வருஷமாகத் தேடியும் ஒரு கார்ஸ்கில்கூட அகப்படவில்லை. போன வாரம் வெஸ்ட்மோர்லாண்டின் புது டைரக்டரி வந்தது. 'கார்ஸ்கில், ஐ., கார்ஸ்கில் பண்ணை, மெல்பெக்.' நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பக்கத்தில் இருந்த பெரில், "என்னடி, எலியா?" என்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

மூன்று தடவை உங்களை அழைத்துப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் அப்பா அமோஸ் கார்ஸ்கில். சிறுவயதிலேயே மலைநாட்டிலிருந்து ஓடிவந்து ஹல்லில் மீன்பிடிக் கப்பல் ஏறியவர். எனக்கு ஆறு வயதாகும்போது கடல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அம்மாவும் அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டாள். நான் வளர்ந்தது தேவாலயத்துக்காரர்கள் நடத்திய பெண்கள் இல்லத்தில். அப்பாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பெயர் ஒன்றுதான்.

அமோஸ் என்ற பெயர் உங்கள் குடும்பத்தில் காதில் விழுந்ததுண்டா? நீங்கள் எனக்கு ஏதாவது உறவா? ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஹில்டா கார்ஸ்கில்

---

கார்ஸ்கில் பண்ணை, மெல்பெக்,
20 செப்டம்பர் 1964

அம்மணி,

ஆட்டு ஏலக்காரர்கள் தொந்தரவு பொறுக்காமல் வைத்த தொலைபேசி அது. அது அடிக்கும்போது நான் மலையில் இருப்பேன். வீட்டில் இருக்கும்போது எடுக்க மனம் வராது.

பெயர் ஒன்றாக இருந்தால் உறவாகிவிடாது. என் நாயின் பெயர் டியூக். அதற்காக அவன் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை.

இந்தப் பண்ணையில் நானூறு வருஷமாக கார்ஸ்கில்கள்தான் இருக்கிறார்கள். பத்திரத்தில் இருப்பது என் ஒருவன் பெயர். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். பங்காளி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பங்கு கேட்கத்தான் வருகிறார்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது எண்ணம் இருந்தால் கெண்டலில் உள்ள என் வக்கீலுக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

ஐ. கார்ஸ்கில்

---

ஹல்,
24 செப்டம்பர் 1964

திரு. கார்ஸ்கில்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. என் சோற்றை நானே சம்பாதித்துச் சாப்பிடுகிறேன். உங்கள் கல்லும் வேண்டாம், புல்லும் வேண்டாம். மழையில் நனைந்த ஆட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? இரண்டாம் மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில் குடியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு அப்பா முகம் நினைவிருக்கும், தாத்தா எங்கே புதைந்திருக்கிறார் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமாக நடந்தால் கல்லில் உங்கள் பெயர் இருக்கும். எங்கள் இல்லத்தில் ஒரு பெண் இருந்தாள். குழந்தையாக அவளைக் கண்டெடுத்த தெருவின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். எனக்காவது சொந்தப் பெயர் இருக்கிறதே என்று அவளைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெயரை ஏந்திக்கொண்டு வந்து உங்கள் கதவைத் தட்டினேன். நீங்கள் நாயைக் காட்டினீர்கள்.

டியூக்குக்கு என் விசாரிப்புகள்.

ஹில்டா கார்ஸ்கில்

---

கார்ஸ்கில் பண்ணை,
11 அக்டோபர் 1964

அன்புள்ள செல்வி கார்ஸ்கில்,

இத்துடன் வரும் பொட்டலத்தில் டாம்சன் பழ ஜாம் இருக்கிறது. என் தோட்டத்துப் பழம், கிண்டியதும் நான்தான். அடிப்பிடித்த வாசனை கொஞ்சம் இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவர் கட்டப் போனால் கல் கையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் கேட்டு, தேவாலயத்துப் பெட்டியில் கிடக்கும் பழைய தசமபாக வரி வரைபடத்தை மேஜைமேல் விரித்துப் பார்த்தோம். நூற்றிருபது வருஷத்துக்கு முன் ஒவ்வொரு வயலுக்கும் எண் போட்டு, யார் கையில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கார்ஸ்கில் பண்ணைக்கு நேரே தாமஸ் கார்ஸ்கில். அவர் என் தாத்தாவின் அப்பா. கீழே ஓடை திரும்பும் இடத்தில் கில்ஃபுட் என்று ஒரு சின்ன வீடு, ஒரு வயல். அதற்கு நேரே எட்வர்ட் கார்ஸ்கில். அந்த வீடு இப்போது கூரை இல்லாமல் நான்கு சுவராக நிற்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அங்கே யார் இருந்தார்கள் என்று இதுவரை கேட்டதில்லை.

அப்புறம் பக்கத்துப் பண்ணை டைனா ஃபாசெட்டிடம் போனேன். அவளுக்கு எழுபத்து நான்கு வயது. அமோஸ் என்று சொன்னதும் துள்ளி எழுந்தாள். "அமோஸா? கில்ஃபுட் அமோஸ்! எங்கூடதான் படிச்சான். சர்ச் ஜன்னலுக்குக் கல்ல விட்டெறிஞ்சு, வாத்தியாரு பெரம்ப எடுக்குறதுக்குள்ள ஓடுனவன்தான். திரும்பியே வரல. அவன் பொண்ணா எழுதுது? வரச் சொல்லுடா அத!"

நீங்கள் எழுதிய விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மதுக்கடையில் ஏலக்காரன் நெட் கத்தினான்: "என்னய்யா ஐசக், ஹல்லுலேர்ந்து சொந்தக்காரி கெளம்பிட்டாளாமே! சுவர எல்லாம் எண்ணி வச்சுக்க!" மூன்று வாரத்துக்கு முன் நானே அப்படித்தான் பேசினேன். நேற்று எனக்குக் கோபம் வந்தது.

ஐசக் கார்ஸ்கில்

---

ஹல்,
16 அக்டோபர் 1964

அன்புள்ள திரு. ஐசக்,

ஜன்னலை உடைத்தாரா! சாப்பாட்டு மேஜையில்கூடத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷர் அவர். உங்கள் கடிதத்தை டிராமில்... பார்த்தீர்களா, டிராம் நின்று எத்தனையோ வருஷமாகிறது, கை தானாக அப்படி எழுதுகிறது. பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மீன்துறை வரைக்கும் போய்விட்டேன். அங்கே இறங்கி, காற்றில் நின்று மறுபடி படித்தேன்.

அப்பா என் சட்டைப் பொத்தானைப் போடும்போது ஏதோ மந்திரம் மாதிரி எண்ணுவார். யான், டான், டெதரா, மெதரா. இல்லத்தில் அதைச் சொன்னால் மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். நானே கற்பனை செய்துகொண்டேனோ என்று பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அது என்ன பாஷை?

ஜாம் அடிப்பிடித்துத்தான் இருக்கிறது. பாதி தீர்ந்துவிட்டது. பெரில் ஒரு கரண்டி கேட்டாள், கொடுக்கவில்லை.

தாமஸும் எட்வர்டும் அண்ணன் தம்பியா? எங்கே பார்த்தால் தெரியும்?

ஹில்டா

---

கார்ஸ்கில் பண்ணை,
22 நவம்பர் 1964

அன்புள்ள பங்காளி,

இனி இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுதுங்கள்.

உங்கள் அப்பா எண்ணியது ஆடு எண்ணுகிற எண். இங்கே இன்னும் சில பேர் அப்படித்தான் எண்ணுகிறோம். நேற்று நானும் எண்ணினேன். டெதரா வரும்போது உங்கள் பொத்தான் ஞாபகம் வந்து கணக்கு விட்டுப்போய், முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மழை விடாமல் பெய்ததால் கெண்டலுக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் நிலவரிப் பட்டியல்களைப் பார்த்தேன். நெப்போலியன் காலத்து வரிப் பட்டியல் வரைக்கும் போனேன். அங்கேயும் இரண்டு கார்ஸ்கில் இருக்கிறார்கள், மேலே ஒருவர், கில்ஃபுட்டில் ஒருவர். அண்ணன் தம்பி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரே பெயர், ஒரே ஓடை, கூப்பிடு தூரத்தில் இரண்டு அடுப்பு. வேறு என்னவாக இருக்க முடியும்?

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். மாடியில் அறை இருக்கிறது. என் மனைவி எல்லன் போய் ஒன்பது வருஷமாகிறது. அதற்குப் பிறகு யாரும் அந்த அறையில் படுத்ததில்லை. ஊர் வாய்க்காக டைனா உங்களோடு தங்குவாள். அவளே சொல்லிவிட்டாள்.

ஐசக்

---

ஹல்,
3 ஜனவரி 1965

அன்புள்ள ஐசக்,

நல்லபடி வந்து சேர்ந்தேன். என் அறைக்குள் நுழைந்ததும் இது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

உங்கள் வீட்டில் யாரும் என்னை விருந்தாளி மாதிரி நடத்தவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது? டைனா வந்தவுடனே கையில் உருளைக்கிழங்கும் கத்தியும் கொடுத்துவிட்டாள். நீங்கள் எல்லனின் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கவனிக்காத மாதிரி போட்டுக்கொண்டேன்.

கில்ஃபுட்டில் அடுப்பு இருந்த இடத்தில் நான் நின்றபோது நீங்கள் வெளியே நாயோடு நின்றுவிட்டீர்கள், தனியாக விட வேண்டும் என்று. அங்கே நான் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்பது போல ஒரு பதற்றம்தான் இருந்தது. அது இன்னும் விடவில்லை. வேலையில் கைதவறுகிறது. நேற்று ஒரு டாக்டரைக் கேட்டவரை இறைச்சிக்கடைக்கு இணைத்துவிட்டேன்.

ஐசக், எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு இருக்கிறது. கெண்டல் காப்பகத்தில் பிரபு வீட்டு நிலக்கோர்ட்டின் பழைய சுருள்கள் இருக்கின்றன என்று கிறிஸ்துமஸின்போது சொன்னீர்கள். யார் செத்தார்கள், நிலம் யாருக்குப் போனது, என்ன உறவு என்று எல்லாம் அதில் இருக்குமாமே. நான் வந்து பார்க்கிறேன்.

ஹில்டா

---

கார்ஸ்கில் பண்ணை,
17 ஜனவரி 1965

அன்புள்ள ஹில்டா,

பனி முழங்கால் வரை இருக்கிறது. இரண்டு ஆடுகளைத் தோண்டி எடுத்தேன்.

அந்தச் சுருள்களைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமா? தெரிந்தது போதாதா? எட்டின சொந்தம் என்று வைத்துக்கொள்வோமே. எட்டின சொந்தம் நல்ல சொந்தம். ரொம்ப எட்டினதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சும்மா ஒரு பொது விஷயமாகப் பாதிரியாரிடம் கேட்டேன், பல தலைமுறைக்கு முன் பிரிந்த குடும்பத்தில் இன்னும் உறவுமுறை பார்ப்பது உண்டா என்று. அவர் பைப்பை எடுத்துவிட்டு, "ஐசக், இந்தப் பொது விஷயத்துக்குப் பேரு என்ன, ஹில்டாவா?" என்றார். ஆடு பார்க்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் வந்து போனதிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்த மாதிரி இருக்கிறது. முன்பும் இதே அளவு சத்தம்தான் இருந்திருக்க வேண்டும்.

வருவதானால் காப்பகம் முடிந்ததும் நேரே இங்கே வாருங்கள். கெண்டலிலிருந்து சாயங்கால பஸ் இருக்கிறது. சாலை முனையில் நிற்பேன்.

ஐசக்

---

கெண்டல்,
19 பிப்ரவரி 1965

அன்புள்ள ஐசக்,

பஸ்ஸில் நான் வராததைக் கண்டு சாலை முனையில் எவ்வளவு நேரம் நின்றீர்களோ தெரியவில்லை. பஸ்ஸுக்குப் போனேன். ஏறும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன். டிரைவர், "ஏறுறீங்களா இல்லையாம்மா? மலையில இருட்டிடும்" என்றார். "இல்லை" என்று சொன்னது என் வாய்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் என்னால் முடிக்க முடியாது.

காப்பகத்தில் மிஸ் செவல் என்ற அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கிறுக்கெழுத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். 1736இல் கார்ஸ்கில் பண்ணையின் ஜான் கார்ஸ்கில் இறந்திருக்கிறார். ஆண்பிள்ளை இல்லை. மகள் ஆக்னஸ் பண்ணையை விற்றுவிட்டாள். வாங்கியவர் ராபர்ட் மவுன்சி, மலைக்கு அந்தப் புறத்திலிருந்து வந்தவர், ஜானுக்கு உறவில்லை. ஜானின் தம்பி எட்வர்டுக்குக் கீழே கில்ஃபுட் மட்டும் இருந்தது, அவர் அங்கேயே இருந்துகொண்டார். எட்டு வருஷம் கழித்து இன்னொரு சுருள். அதில் 'ராபர்ட் மவுன்சி என்கிற கார்ஸ்கில்' என்று இருக்கிறது. அவர் போன பிறகு பண்ணை மகன் கைக்கு வருகிறது. அங்கே வெறும் 'தாமஸ் கார்ஸ்கில், ராபர்ட்டின் மகன்.' மவுன்சி என்ற பெயர் அதற்குப் பிறகு இல்லை. அந்த தாமஸிலிருந்து உங்கள் தாமஸ் வரை, அப்பா மகன் என்று விட்டுப்போகாமல் வருகிறது. எட்வர்டிலிருந்தும் அப்படியே வருகிறது, என் அப்பாவின் தாத்தா, வரைபடத்தில் இருந்த அந்த எட்வர்ட் வரைக்கும்.

"இங்க இது சகஜம்ங்க. யாரு அந்த வீட்டுல குடியிருக்காங்களோ, அவங்களுக்கு அந்த வீட்டுப் பேரு ஒட்டிக்கும்" என்றார் மிஸ் செவல். எனக்கு ஏன் முகம் வெளுத்தது என்று அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நாம் உறவில்லை, ஐசக். எட்டின சொந்தம்கூட இல்லை.

நானூறு வருஷம் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இதை நான் எழுதும்போது, பெயரைப் பிடுங்க வந்தவள் மாதிரி எனக்கே தோன்றுகிறது. சத்தியமாக அதற்காக வரவில்லை. என் ஆட்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க வந்தேன். இருப்பதாக நினைத்தேன். கிறிஸ்துமஸ் முழுவதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன், சிரித்தேன். இப்போது ஒருவரும் இல்லை என்று பிரபு வீட்டு முத்திரையோடு உறுதியாகிவிட்டது. இவ்வளவு உறுதி நான் கேட்கவில்லை.

நாளைக் காலை ரயிலில் ஹல்லுக்குப் போகிறேன். நான் போட்டுக்கொண்டே வந்துவிட்ட எல்லனின் மழைக்கோட்டைத் தபாலில் அனுப்புகிறேன்.

ஹில்டா

---

ஹல்,
20 மார்ச் 1965

அன்புள்ள ஐசக்,

கோட் வந்து சேர்ந்ததா?

அந்தச் சுருளைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். வேறு சில நாள், தெரியாமல் இருந்திருந்தால் அந்தச் சந்தேகமே என்னைத் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் அறையில் நடந்துகொண்டே இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடிக்கிறார்.

கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். உங்கள் முதல் கடிதம்கூட இந்த மௌனத்துக்குப் பரவாயில்லை.

ஹில்டா

---

மெல்பெக்,
25 ஏப்ரல் 1965

அன்புள்ள ஹில்டா,

கோட் வந்தது. அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலில் உங்கள்மேல். பிறகு அந்த ராபர்ட் மவுன்சிமேல். பிறகு என்மேல், என்ன காரணம் என்று தெரியவில்லை. எல்லனின் கல்லறைக்குப் போனேன். எல்லன் கார்ஸ்கில் என்று வெட்டியிருக்கிறது. அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது என்னிடம் பெருமையாகச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. எங்கள் பெயர் நானூறு வருஷப் பழசு என்றேன். "பழசா இருந்தா என்ன, பேரு சமைச்சுப் போடுமா?" என்று சிரித்தாள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் இவ்வளவு நாளாயிற்று.

டைனாவிடம் சொன்னேன். டைனாவிடம் சொன்னால் மாவட்டத்துக்கே சொன்ன மாதிரி. அடுத்த ஏலத்தில் நெட் மேடையிலிருந்து, "அடுத்தது நம்ம மவுன்சியோட ஆடுங்க! மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு, பாத்துக் கேளுங்க!" என்றான். மண்டபமே சிரித்தது. நான் ஆடுகளை விற்காமல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன், கார்ஸ்கில் என்பதற்காகக் கொம்பில் சூடு போட்ட 'ஜி' எழுத்து யாருடையது என்று.

பிறகு குட்டி போடுகிற காலம் வந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. ஒரு தாயாட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. தாயில்லாத குட்டி ஒன்று கையில் இருந்தது. செத்த குட்டியின் தோலை உரித்து இதற்குப் போர்த்திவிட்டேன். எப்போதும் செய்வதுதான். தாய் முகர்ந்து பார்த்தது, ஒரு முட்டு முட்டியது, பிறகு பாலுக்கு விட்டது. நானும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தக் குட்டியிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதன் பிறகு எனக்கு மவுன்சிமேல் கோபம் குறைந்துவிட்டது. அடுத்த ஏலத்தில் நெட் கூப்பிட்டபோது, "மவுன்சி வந்தாச்சு, வெலையக் கூட்டிச் சொல்லு" என்றேன்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது.

கெண்டலுக்கு வக்கீலிடம் போனேன். கில்ஃபுட்டையும் அந்த வயலையும் உங்கள் பெயருக்கு எழுத வேண்டும் என்றேன். கார்ஸ்கில் என்று உண்மையிலேயே பெயருள்ளவர் ஒருவர் இருக்கும்போது, அந்த நான்கு சுவர் என் கையில் இருப்பது சரியாகப் படவில்லை. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தானமாக எழுதலாம், வரி வரும். வேறொரு வழியும் இருக்கு, அதுல முழுப் பண்ணையும் சேர்ந்தே போயிடும். ஆனா அதுக்கு நான் தேவையில்ல, பாதிரியார் வேணும்" என்றார். அவர் சிரிக்கவே இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

சொல்லிவிட்டேன். எனக்கு அழகாகச் சொல்ல வராது. நாம் உறவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, கோபத்துக்கெல்லாம் முன்னால், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. உங்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஐசக்
(மீதிப் பெயரை நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்)

---

ஹல்,
2 மே 1965

அன்புள்ள ஐசக்,

கார்ஸ்கில் என்றே போட்டுக்கொள்கிறேன். இருநூறு வருஷமாக அந்த வீட்டுக் கூரையைக் காப்பாற்றியவர்கள் உங்கள் ஆட்கள். என் ஆட்கள் விற்றார்கள், உடைத்தார்கள், ஓடினார்கள். பெயர் யாருக்குச் சேரும் என்று டைனாவைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

கில்ஃபுட்டை எழுத வேண்டாம். வக்கீல் சொன்ன முதல் வழி வேண்டவே வேண்டாம். இரண்டாவதைப் பற்றி எழுத மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

1736இல் யாரோ எதையோ வாங்கினார்கள் என்பதற்கு நஷ்ட ஈடாக நீங்கள் என்னைக் கேட்டால் வர மாட்டேன். யாருமில்லாதவள் என்று இரக்கப்பட்டுக் கேட்டாலும் வர மாட்டேன். எனக்கு என் ஜன்னல் இருக்கிறது, அதை நான் நினைத்தபோது திறக்கலாம். உங்கள் கடிதத்தில் வக்கீல் இருக்கிறார், பாதிரியார் இருக்கிறார், ஆட்டுக்குட்டி இருக்கிறது. கடைசி நாலு வரியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த நாலு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்துக்கு வெட்கப்பட வேண்டாம். காப்பகத்தில் மிஸ் செவல் கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். எதற்காக என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், அப்பாவுக்காக என்று சொல்லியிருப்பேன். இனி சாலை முனையில் நின்று எனக்காகக் காத்திருக்க உங்களுக்குக் காரணமில்லை என்று நினைத்துத்தான் அழுதேன் என்பது ஹல் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கெண்டல் தொலைபேசி நிலையத்தில் ஒரு இடம் காலி. மாற்றல் கேட்டிருந்தேன், நேற்றுக் கிடைத்துவிட்டது. ஜூனில் வருகிறேன். தங்க ஒரு அறை பிடித்திருக்கிறேன், ஆற்றுப் பக்கம் பெரிய ஜன்னல். கெண்டலுக்குத்தான் வருகிறேன், உங்கள் வீட்டுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது, மெல்பெக்குக்கு பஸ் உண்டு. கேட்க வேண்டியதை மறுபடி கேட்க நினைத்தால், என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அது நிச்சயமில்லாமல் இருப்பது முதல் தடவையாக எனக்குப் பயமாக இல்லை.

மாற்றல் செய்தி தெரிந்ததும் பெரில் சண்டைக்கு வந்துவிட்டாள். "இருவத்திரெண்டு வருஷம் பக்கத்துல ஒக்காந்திருக்கேன், எங்கிட்டகூட சொல்லல. யாருடி அந்த ஆட்டுக்காரரு? சொந்தம் இல்லன்னு நீயேதான சொன்ன. அப்பறம் அவரு ஒனக்கு என்ன வேணும்?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான் போறேன்" என்றேன்.

ஹில்டா